அண்ணன் புத்தகத்துக்கு எழுதிய மொய்

என் அண்ணன் கணேசமூர்த்தி ஒரே ஒரு புத்தகம் போட்டார். ஏழு கதைகள், நூறு பிரதிகள். அதற்குப் பிறகு முப்பத்து மூன்று வருஷம் உயிரோடு இருந்தார். கடுதாசி எழுதக்கூடப் பேனாவைத் தொடவில்லை. போன மாதம் இரண்டு பேர் வீடு தேடி வந்து, ஜப்பான்காரன் காலத்திலேயே தோட்டத்திலிருந்து ஒருவர் புத்தகம் போட்டிருக்கிறாரே, எப்படிப் போட்டார், சொன்னால் புதிதாக எழுத வருகிற பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும் என்றார்கள். அண்ணனை முன்னோடி என்றார்கள். மண்ணாங்கட்டி. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்களிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். அந்தப் புத்தகம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. பாதி வேலை நான் செய்தது.

கோலா பிலாவிலிருந்து ஆறு மைல் உள்ளே எங்கள் ரப்பர்த் தோட்டம். அப்பாவும் அம்மாவும் மலைக் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போனபோது அண்ணனுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பதினாலு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அண்ணன் உதவி வாத்தியார். என்னையும் ஐந்தாவது வரை படிக்க வைத்தார். கையெழுத்து கோணினால் தலையில் ஒரு குட்டு. அந்தக் குட்டுகளின் புண்ணியத்தில் என் எழுத்து அழகாக வந்தது. தோட்டத்தில் கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் மொய் எழுத என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பொம்பளைப் பிள்ளை மொய் எழுதுவதா என்று முதலில் சில பேர் முனகினார்கள். எழுதத் தெரிந்த ஆம்பிளைகள் எல்லாரும் முதல் பந்தியில் உட்காரப் பறந்ததால் அந்த முனகல் தானாக அடங்கியது.

மொய் எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஊரை முதலில் போட வேண்டும், அப்புறம் பெயர். தோட்டத்துக்குள் ஊர் ஏது? எந்த லயத்து வீட்டு வரிசை, எந்தப் பக்கம் என்று போடுவோம். மேட்டு லயம் ராமன், பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயக்கொட்டகைப் பக்கம் ராமன் என்று. இல்லாவிட்டால் திருப்பிச் செய்கிற நாளில் எந்த ராமன் என்று தெரியாமல் சண்டை வரும். இது எனக்குக் கையோடு பழகிய வேலை. யோசித்துச் செய்கிற வேலை இல்லை.

அண்ணன் தோட்டத்து ஆபீசில் வீணாய்க் கிடந்த பழைய பாரங்களின் பின்பக்கத்தில் கதை எழுதுவார். லயத்தில் நடந்ததைத்தான் எழுதினார். ஒரு கதையில் குழாயடிச் சண்டை வரும். அது யார் வீட்டுச் சண்டை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பத்திரிகைக்கு இரண்டு அனுப்பினார், இரண்டும் திரும்பி வந்தன. அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், பத்திரிகைகள் நின்றன. வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பான். அண்ணன் புத்தகமே போடுவேன் என்று கிளம்பினார். சாப்பாடு, துணி, கல்யாணம் எதிலும் அவருக்கு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அட்டையில் தன் பெயரைப் பார்க்க வேண்டும், அது மட்டும்தான்.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. என் வீட்டுக்காரர் பெயர் சந்திரன். அதே தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுதுவதைப் பார்த்து, ஆபீஸ் கணக்குப்பிள்ளையைச் சொல்வதுபோல என்னைக் கிராணி என்று கூப்பிடுவார். சோறு கேட்பதாக இருந்தாலும் "கிராணி, பசிக்குதுலா" என்பார்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, அரிசி கிடைக்கும், துணி கிடைக்கும், ரயில் பாதை போட வேண்டும் என்றார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு பேர் போனார்கள். மூன்று மாதம் முடிந்தும் ஒருத்தரும் வரவில்லை, ஒரு கடுதாசி இல்லை. ஆனி மாதக் கடைசியில் பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஒருவன் அங்கிருந்து தப்பி நடந்தே வந்து சேர்ந்தான். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் ஆறுமுகம் அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவன் என்ன சொன்னான் என்று மண்டோர் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே வயசு ஆம்பிளைகள் பேரையெல்லாம் தோட்டத்துப் பேர்ப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்.

துரையும் பெரிய கிராணியும் ஓடிப்போன பிறகு மண்டோர்தான் எங்களுக்கு எல்லாம். கறுத்த ஆள், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. ஆனால் அந்த வேலையை அவர் செய்த மாதிரி வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். இவன் காய்ச்சலில் செத்தான், இவன் ஓடிப்போனான், இவன் பகாவ் பக்கம் போய்விட்டான் என்று எழுத வைத்து, கோலா பிலா ஆபீசுக்குக் கொடுத்தார். கணக்குப்படி எங்கள் தோட்டத்தில் பொம்பளைகள், கிழவர்கள், வாத்தியார் ஒருவர், மண்டோர். அவ்வளவுதான். ஆம்பிளைகள் காட்டோரத்தில் மரவள்ளி போட்டுக்கொண்டு இருந்தார்கள். மேலே இருந்தது மேட்டுக் கொல்லை, கீழே இருந்தது ஆத்தங்கரைக் கொல்லை. ஆள் இல்லை என்று எழுதியதால் அரிசிப் பங்கும் இல்லை. ஒருத்தர் பங்கில் இரண்டு பேர் சாப்பிட்டோம். மண்டோர் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். எந்த ஆம்பிளையின் பெயரும் எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது.

என் வீட்டுக்காரர் மேட்டுக் கொல்லையில் இருந்தார். வெள்ளிக்கிழமை மட்டும் இறங்கி வருவார். எனக்கு அந்த வருஷம் வேண்டியிருந்தது ஒன்றுதான். அவர் சயாமுக்குப் போகக்கூடாது.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணன் கதைக் கட்டை எடுத்துக்கொண்டு சிரம்பானுக்குக் கிளம்பினார். சைக்கிளுக்கு டயர் கிடைக்காது. ரப்பர்க் குழாயை வெட்டி வளைத்துக் கட்டியிருந்தார். புக்கிட் புத்துஸ் மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சிரம்பானை ஒட்டிய தெமியாங்கில் அப்துல் மஜீத் என்பவரின் அச்சகத்துக்குப் போனார். ஒரே ஒரு மிதி எந்திரம், அச்சுக் கோர்க்க ஓர் ஆள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்த இடம். இப்போது அதுவும் இல்லை.

மஜீத் பாய் கதைகளை நின்றபடியே படித்தாராம். இரண்டு கதை படித்துவிட்டு உட்கார்ந்தாராம். அண்ணன் இதை என்னிடம் நாலைந்து தடவை சொன்னார், "உக்காந்துட்டாரு நீலா" என்று. பிறகு பாய் சொன்னார், "தம்பி, மை இருக்கு, எழுத்து இருக்கு. காயிதம்தான் ஜப்பான் ஆபீஸ்காரன் பூட்டி வச்சிருக்கான். அவன் முத்திர குத்தினாத்தான் காயிதம்."

முத்திரைக்கு என்ன வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்தார். கதைகளை ஆபீசில் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதோடு புத்தகத்தை வாங்கப் போகிறவர்களின் பட்டியல் ஒன்று வேண்டும். காகிதத்தை வாங்கிக் கள்ளச் சந்தையில் விற்கிறவர்கள் உண்டு, அதனால் உண்மையிலேயே படிக்க ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது ஒன்றும் புதுசில்லை என்றார் பாய். முதல் புத்தகம் போடுகிற யாரையும் நம்பி அச்சகக்காரன் இறங்க மாட்டான். எழுதியவன் முன்கூட்டியே நாலு பேரிடம் கையொப்பம் வாங்கி வருவான். கையொப்பம் செய்தவர்கள் என்று தலைப்புப் போட்டு அவர்கள் பெயரையெல்லாம் கடைசி ஏட்டில் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். அதையே ஒரு நகல் ஆபீசுக்கும் கொடுத்தால் போயிற்று. பாய் நல்ல மனுஷர். அவர்மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அண்ணன் பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார். அவர் பகலெல்லாம் பிள்ளைகளுக்கு ஜப்பான் பாஷை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அவரை யாரும் தொடவில்லை. "பேரு மட்டும் எழுது நீலா, போதும்" என்றார். இதை அவர் சொன்னார். நான் கேட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் இறங்கி வந்ததும் நோட்டைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். உடனே சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"மச்சான் புக்குக்கு மொத மொய் நான் வெக்காம எவன் வெப்பான்? எழுது கிராணி."

நான் முடியாது என்றேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். மண்டோர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். அவர் சிரித்தார். இது என்ன காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுகிற பேர்ப் புத்தகமா, கதைப் புத்தகம்தானே, கோயில் நோட்டீஸில் பேர் வருகிற மாதிரி என்றார். நான் அசையவில்லை என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தங்கச்சி புருஷன் பேர் இல்லாமல் புத்தகம் வந்தால் லயத்தில் என்ன பேசுவார்கள், மாமன் மச்சான் சரியில்லை என்றுதானே சொல்வார்கள் என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பாட்டைத் தொடவில்லை. வாரத்தில் ஒருநாள் வருகிற மனுஷர் பட்டினியாகப் போனால் எனக்கு எப்படி இருக்கும்? எழுதினேன்.

மேட்டுக் கொல்லை, சந்திரன், பிரதி ஒன்று.

மொய் என்று அவர் சொன்னார், மொய் மாதிரியே என் கை எழுதியது. பெயர் மட்டும் போதும் என்று அண்ணன் சொன்னது அந்த நேரத்தில் எனக்கு நினைவே வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

மறுநாள் விஷயம் பரவியது. முதலில் வந்தவர் மண்டோர். எந்தக் காகிதத்திலும் பெயர் வரக்கூடாது என்று சொன்ன அதே மண்டோர். தோட்டத்துக்கே பெரிய ஆள் நான் இருக்கும்போது இரண்டாவதாகவா என் பேர் என்று கத்தினார். மாப்பிள்ளை முறை முதலில், அதற்கப்புறம்தான் ஊர்ப் பெரியவர் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். அந்த நியாயம் அவருக்குப் புரிந்தது. மண்டோரே எழுதிவிட்டார் என்றதும் எல்லாரும் வந்தார்கள். பேர் எழுதாமல் விட்டுப்போனால் கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்ட மாதிரி ஆகிவிட்டது. கொல்லையில் இருந்த ஆம்பிளைகள் பகலிலேயே ஒவ்வொருத்தராக இறங்கி வந்து என் வாசலில் நின்றார்கள். பஞ்சாலை என்று ஒருத்தி, என்னைவிட நாலு வயது பெரியவள், வர மாட்டேன் என்ற புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அச்சில் தன் பெயரை அதுவரை பார்த்தவர் எங்கள் லயத்தில் யாருமே இல்லை. பேர் எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்வார்கள். படிப்பேன். தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். மூன்று முனியாண்டிகள் இருந்தார்கள். மேட்டுக் கொல்லை முனியாண்டி, ஆத்தங்கரைக் கொல்லை முனியாண்டி, இன்னொருவன் ஆத்தங்கரைக் கொல்லை மாட்டுக்கார முனியாண்டி. மொத்தம் அறுபத்து நாலு பேர். அதில் முப்பத்து மூன்று கொல்லைக்காரர்கள்.

ஒருத்தருக்குக்கூடவா தோன்றவில்லை என்று கேட்பீர்கள். தோன்றவில்லை. ஆள் எடுக்கிறவன் கேட்டால் பெயர் சொல்லக்கூடாது என்ற புத்தி எல்லாருக்கும் இருந்தது. இதை ஆள் எடுக்கிறவன் கேட்கவில்லையே, வாத்தியார் கேட்டார். வாத்தியார் வீட்டு விசேஷம்.

அண்ணன் நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் தெமியாங் போனார். ஒன்பதாம் நாள் லோரிக்காரர் ஒருவர் மூலமாகப் பாய் சேதி சொல்லி அனுப்பினார். காகிதம் கிடைத்துவிட்டது, நூறு பிரதி, வேலை ஆரம்பித்தாயிற்று. அந்த ஆபீஸ் ஒன்பது நாளில் ஒருவருக்கு எதையாவது கொடுத்ததாக நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அப்போது எனக்கு உறைக்கவில்லை. மரவள்ளி மாவில் தேங்காய்ப்பால் விட்டுப் பாயசம் மாதிரி ஒன்று கிண்டி அண்ணனுக்குக் கொடுத்தேன். சர்க்கரை இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆவணி கடைசி வாரம். பெரட்டுக்கு மணி அடித்து நாங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். விடிந்து வெளிச்சம் வந்துவிட்டது. நான்கு லோரி வந்தது. ஒன்று நிற்காமல் மேட்டுப் பாதையில் ஏறியது, இன்னொன்று ஆத்தங்கரைப் பக்கம் இறங்கியது. யாரும் வழி காட்டவில்லை, யாரிடமும் கேட்கவில்லை, நேராகப் போயின. மற்ற இரண்டிலிருந்து சிப்பாய்கள் இறங்கினார்கள். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர், தமிழர்தான், கையில் காகிதம். மண்டோரை முதலில் பிடித்து ஓரமாக நிறுத்தினார்கள்.

கொல்லையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும்வரை நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இறக்கியதும் அந்த ஆள் படிக்க ஆரம்பித்தார்.

"மேட்டுக் கொல்லை சந்திரன்."

ஊர் முதலில், பெயர் அடுத்து. என் வரிசை. நான் எழுதியது எனக்குத் தெரியாதா? அடுத்தது மண்டோர். அப்புறம் ஒவ்வொன்றாக. மாட்டுக்கார முனியாண்டி என்று அந்த ஆள் அப்படியே படித்தபோது வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பழக்கம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடுத்தது யார் என்று மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரிந்துகொண்டிருந்தது. அந்த ஆள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லோரியில் ஏற்றியபோது என் வீட்டுக்காரர் என்னைத் தேடிப் பார்த்தார். கிட்டே போக விட்டார்கள்.

"என்ன கிராணி, மொதல்ல என்னத்தான் படிச்சான்" என்றார்.

நான் ஆமாம் என்றேன். லோரி கிளம்பியது. அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

அண்ணன் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தார். விஷயம் புரிந்ததும் மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டு நேராக அதிகாரியிடம் போய், தனக்குத் தெரிந்த ஜப்பான் பாஷையில் என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அதிகாரி காகிதத்தைப் பார்க்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு இந்தப் பெயர் இதில் இல்லை என்றார். இல்லைதான். புத்தகம் போட்டவன் தன் புத்தகத்துக்குத் தானே மொய் வைப்பானா? அண்ணன் விடாமல் லோரியைப் பிடித்துக்கொண்டார். ஒரு சிப்பாய் கன்னத்தில் ஒரு அறை விட்டு, போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல் என்கிற மாதிரி பள்ளிக்கூடத்துப் பக்கம் கையைக் காட்டினான். அறுபத்து நாலு பேரில் பொம்பளைகளையும் கிழவர்களையும் விட்டுவிட்டு, மண்டோரையும் சேர்த்து முப்பத்து நாலு பேரைக் கொண்டுபோனார்கள். எங்கள் தோட்டத்தில் மிஞ்சிய வயசு ஆம்பிளை அண்ணன் ஒருத்தர்தான்.

புரட்டாசியில் புத்தகம் வந்தது. மஜீத் பாய் தானே கட்டைத் தூக்கிக்கொண்டு, கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் கோலா பிலா வந்து, அங்கிருந்து நடந்து வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சந்தோஷமாக வந்தார். நான்தான் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார். ஆபீசில் கேட்டார்கள், ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன், வேறொன்றும் செய்யவில்லையம்மா என்றார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. கட்டை வைத்துவிட்டு வந்த வழியே நடந்து போனார்.

அண்ணன் கட்டைப் பிரிக்கவில்லை. நான்தான் பிரித்தேன். நீல அட்டை. நடுவில் அண்ணன் பெயர், கொட்டை எழுத்தில். கடைசி ஏட்டில் கையொப்பம் செய்தவர்கள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. மொய் வாங்கினால் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். கூடையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். திட்டுவார்கள், அடிப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். பஞ்சாலை வாசலில் உட்கார்ந்து மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"அவரு பேரு எங்க இருக்கு?"

விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தை விடாமல் பார்த்துக்கொண்டே அந்த ஒரு ஏட்டை மட்டும் கிழித்தாள். சின்னதாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். புத்தகத்தை என் கூடையில் போட்டாள்.

"மிச்சத்த ஒங்கண்ணன்கிட்டயே குடு."

அதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். அவளும் அப்படியே செய்தாள். சாயங்காலத்துக்குள் முப்பதுக்கு மேல் புத்தகங்கள் கடைசி ஏடு இல்லாமல் என் கூடைக்குத் திரும்பி வந்துவிட்டன. என் பிரதியிலிருந்து நானும் கிழித்துக்கொண்டேன். அவர்களுக்கு வேறு என்ன இருந்தது? படம் இல்லை, பத்திரம் இல்லை. மண்டோர் எல்லாரையும் செத்தவர்கள், ஓடிப்போனவர்கள் என்று முன்பே எழுதிவிட்டார். அந்த மனுஷர்கள் இருந்தார்கள் என்று சொல்ல அந்த ஒரு தாள்தான்.

அதற்கடுத்த வாரம் பஞ்சாலை எங்கள் வாசலுக்கு வந்தாள். கொஞ்ச நாள் கழித்துத்தான் அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது. அண்ணனை வெளியே கூப்பிட்டாள்.

"ஒம் பேரு அட்டையில. எம் புருசன் பேரு சயாம்ல. நல்லாருக்கா வாத்தியாரே?"

லயத்துப் பொம்பளைகள் எல்லாரும் நின்று கேட்டார்கள். ஊர் போட்டு எழுதியது வாத்தியார் இல்லை, நான், அவர் பெயர் மட்டும்தான் எழுதச் சொன்னார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணனுக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி நின்றேன். வாய் திறக்கவில்லை. எல்லாரும் என் வீட்டுக்காரரையும் சேர்த்து எண்ணி, பாவம் நீலாவதி, சொந்த அண்ணனாலேயே புருஷனைப் பறிகொடுத்தவள் என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டேன்.

ஜப்பான் சண்டை முடிந்து ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். மண்டோர் வரவில்லை. மூன்று முனியாண்டிகளில் ஒருத்தனும் வரவில்லை. வந்தவர்களில் ஒருவர், சந்திரன் தை பிறப்பதற்கு முன்பே வாந்திபேதியில் போய்விட்டார், ஆற்றங்கரையில் ஒரு முகாம், பெயர் தெரியாது என்று சொன்னார். என்றைக்கு என்றும் தெரியாது. திதி கொடுக்க நாள் இல்லை.

அண்ணன் வாத்தியார் வேலையை விட்டார். ரப்பர்ப் பால் ஸ்டோரில் எடை போட்டார். கல்யாணம் வேண்டாம் என்றார், நானும் மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. ஐம்பத்தெட்டில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது இரண்டு பேரும் தெமியாங்கில் ஒரு வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். அண்ணன் மரக்கடையில் காவலாளி. பஞ்சாலையைப் பசாரில் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவார். அவள் திட்டினால் நின்று கேட்டுவிட்டு வருவார். ஒரு நாளும் என் பக்கம் கையைக் காட்டியதில்லை. எனக்குச் செய்ய முடிந்தது ஒன்றுதான். மீன் வாங்கினால் நடுத்துண்டு அவர் தட்டில் வைப்பேன். வாலும் தலையும் எனக்கு. என் பழியைச் சுமக்கிறவருக்கு அதையாவது செய்ய வேண்டாமா?

எழுபத்து நாலாம் வருஷம் ஒரு மத்தியானம் சொல்லிவிட்டேன். ஏன் அன்றைக்கு என்றால் காரணம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு மீன் நன்றாக வந்திருந்தது. சோறு போட்டு, குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னேன்.

"அண்ணே, அந்தப் பட்டியல்ல ஊர் போட்டு எழுதுனது நான். நீங்க பேரு மட்டும்னுதான் சொன்னீங்க."

"தெரியும்" என்றார். முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார்.

எப்படி என்று கேட்டேன்.

"புக்கிட் புத்துஸ் மேட்டுல சைக்கிள நிறுத்திட்டு மொதல்லேருந்து கடைசி வரைக்கும் படிச்சேன் நீலா. கொல்லப் பேரெல்லாம் இருந்துச்சு. திரும்பி வந்து வேற எழுதியிருக்கலாம். ஒருநாள் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான்." சோற்றைப் பிசைந்தார். "படிக்க நல்லா இருந்துச்சு. இப்பிடியே அச்சுல வரட்டும்னு குடுத்துட்டேன்."

முப்பத்தோரு வருஷமாக இந்த மனுஷர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் காப்பாற்றவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அழ வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. அவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டியில் இன்னொரு நடுத்துண்டு இருந்தது. எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அவருக்கு வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது, எனக்கு அவரையும் அவருக்கு என்னையும் விட்டால் யார் இருந்தார்கள்?